யாரும் நினைக்காத கழுத்து

எங்கள் தையல் கடையில் இரண்டு மெஷின். வாசல் பக்கம் இருப்பது என் தோழியுடையது, சுவரை ஒட்டி இருப்பது என்னுடையது. இப்படித்தான் போட வேண்டும் என்று யாரும் பேசி வைக்கவில்லை. அவளுக்கு வருகிறவர்களோடு பேசப் பிடிக்கும். எனக்கு அவர்கள் போன பிறகு பேசப் பிடிக்கும்.

கடை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கிறது. எதிரே சிற்பக் கூடம். காலையிலிருந்து உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் மணி ஒன்றாகிவிட்டதே என்று நிமிர்வோம். வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள பேன்ட் தைப்போம், ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்போம். ஊர்ப் பெண்கள் யாரும் உடம்புக்கு அளவெடுக்க நிற்க மாட்டார்கள். முன்பு தைத்ததில் நன்றாகப் பொருந்திய ஒன்றைக் கொண்டுவந்து அளவு ஜாக்கெட் என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கும் அதுவே வசதி. ஒரு ஆளிடம் கையைத் தூக்குங்கள் என்று சொல்வதைவிட ஒரு ஜாக்கெட்டை மேசையில் விரிப்பது எவ்வளவோ மேல்.

தோழி கோவளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். மாதா கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கிடையாது. கடை திறந்ததும் முதலில் வெட்டப்போகும் துணியை விரித்து, உள்பக்கம் ஓர் ஓரமாகச் சாக்பீஸால் சின்னதாகச் சிலுவை போடுவாள். அவள் துணிக்கு ஒன்று, என் துணிக்கு ஒன்று. நான் பிள்ளையார் சுழி போடும் வீட்டில் பிறந்தவள். ஆனாலும் இத்தனை வருடங்களில் அவள் சிலுவை போடாமல் என் கத்திரி துணியில் இறங்கியதில்லை. அவள் வராத நாளில் பழைய துணிகளைப் பிரித்துத் தைக்கும் வேலைதான் பார்ப்பேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. இந்த உலகத்தை ஒருவர் உட்கார்ந்து யோசித்து, அளவெடுத்து, வெட்டித் தைத்தார் என்று எனக்கு எந்த நாளும் தோன்றியதில்லை. யார் மேலும் கோபம் இல்லை. எந்தக் கூட்டத்துக்கும் போய்க் கற்றுக்கொள்ளவும் இல்லை. பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. கை தைத்துக்கொண்டிருக்கும்போது தலை சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவளோ நாளைக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சை எடுப்பாள். யாராவது கைக்குழந்தையோடு வந்தால் அதன் விரலைப் பிடித்துப் பார்த்து, "நகம் எவ்ளோ சின்னதா கீது பாருடி. யாரும் தைக்காமயா வந்துச்சி?" என்பாள். நான் ஊசியில் நூல் கோர்ப்பேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வாள்.

இப்படியே இருந்திருக்கும். எங்கள் தெருப் பொங்கல் விழா குறுக்கே வந்தது.

விழாவில் வருடா வருடம் பட்டிமன்றம் உண்டு. நடுவர் எப்போதும் ஒருவர்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகனா மகளா, மாமியாரா மருமகளா என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. இந்த முறை "பிரபஞ்சம் படைக்கப்பட்டதா, தானே அமைந்ததா?" என்று தலைப்பு வைத்துவிட்டார். படைக்கப்பட்டது என்று பேச ஆட்கள் முண்டியடித்தார்கள். அதில் என் தோழியின் பெயர்தான் முதல். தானே அமைந்தது என்று பேச ஒருவரும் வரவில்லை. மேடை போடுவது பிள்ளையார் கோயில் வாசலில். அவர் எதிரே நின்று அவர் அப்பாவுக்கு வேலையே இல்லை என்று எவர் சொல்வார்?

நான் மேடையைச் சுற்றிக் கட்டும் ஜாலர் துணியைத் தைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். நடுவர் என்னைப் பார்த்தார். ஜாலரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீ பேசேன்."

"எனக்குப் பேச வராது சார்."

"அதாம்மா வேணும். கோயில் வாசல்ல நின்னுகினு படைக்கப்பட்டதுன்னுதான் நான் தீர்ப்பு சொல்ல முடியும். வேற மாதிரி சொன்னா அடுத்த வருஷம் எனக்கு மைக் கிடைக்காது. தோக்கறதுக்கு நல்லா பேசறவங்க எதுக்கு?"

மறுக்க வேண்டுமென்றால் நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்கும் வெட்கம். தலையை ஆட்டினேன். முடியாது என்றுதான் ஆட்டினேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார். எங்கள் ஊர்த் தலையாட்டலை நம்பி இதற்கு முன்னால் கல்யாணங்களே நிச்சயமாகியிருக்கின்றன. நடுவரைக் குறை சொல்ல முடியாது. என் பக்கத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் அந்தப் பக்கமும் ஒருவர் போதும் என்று முடிவாயிற்று. அவளும் நானும் மட்டும்.

கடைக்கு வந்து சொன்னேன். தோழி கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. நான் மேடையில் மயங்கி விழுந்துவிடுவேன் என்று பயந்தாள். ஆகவே எனக்கான பேச்சையும் அவளே தயாரித்தாள்.

"பெருவெடிப்புன்னு சொல்லு. விஞ்ஞானிங்க சொல்றாங்கன்னு சொல்லு. நன்றி வணக்கம்னுட்டு உக்காந்துடு. என்னப் பாக்காத, பாத்தா சிரிச்சிடுவ. நேரா புள்ளையாரப் பாத்துப் பேசு."

"அவரு உன் கட்சி ஆச்சேக்கா."

"அட, அப்பதான் பாவப்பட்டு உன்ன வுட்டுடுவாரு."

பிறகு அவள் தன் பேச்சை எனக்கே ஒத்திகை பார்த்துக் காட்டினாள். "சூரியன் கொஞ்சம் கிட்ட வந்தா வெந்துடுவோம். கொஞ்சம் தள்ளிப் போனா வெறச்சிடுவோம். இஞ்ச் டேப் வச்சி அளந்த மாதிரி நடுவுல வச்சிகீறாரு." மெஷின் மிதித்துக்கொண்டே சொல்வாள். அழகாகச் சொல்வாள். நான் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டே மனசுக்குள் பதில் சொல்வேன். அந்தப் பதில்கள் எனக்கே பிடித்துப்போயின. அதுதான் சிக்கலாயிற்று.

மேடைப் பயம் வேறு. அதைக்கூட எப்படியாவது விழுங்கிவிடலாம். மேடையில் நான் நிஜமாக நினைப்பதைச் சொல்லிவிட்டால், மறுநாள் காலை அவள் என் துணிக்குச் சிலுவை போடுவாளா? நான் பயந்தது அதற்குத்தான்.

வீட்டில் என் கணவருக்கு ஒரே கொண்டாட்டம். அவர் வேன் ஓட்டுகிறார். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவார். "இன்னாமே, இன்னிக்கி நாஸ்தா உண்டா, இல்ல தானே அமையுமா?" என்று தினமும் காலையில் கேட்டார். தானே அமைத்துக்கொள்ளும்படி ஒருநாள் விட்டுவிட்டேன். அதன் பிறகு கேட்கவில்லை.

மாட்டுப்பொங்கல் அன்று மாலை ஜாலர் கட்டிய மேடையில் உட்கார்ந்தேன். என் ஜாலர் ஓரிடத்தில் சுருக்கு சரியாக விழவில்லை என்பது மேலே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எதிரே தெருவே உட்கார்ந்திருந்தது. கரும்பு கடிக்கும் சத்தம்.

தோழி பேசினாள். சூரியனையும் இஞ்ச் டேப்பையும் சொன்னாள், கைதட்டல் வாங்கினாள். கடைசியில், "கல்ல செதுக்கியே பேரு வாங்கின ஊரு இது. அஞ்சு ரதத்தப் பாத்துட்டு இது தானா வந்துச்சின்னு எவனாவது சொல்வானா? செலை கீதுன்னா செதுக்கினவரு கீறாரு. உலகம் கீதுன்னா?" என்று நிறுத்தினாள். தெரு முழுக்கப் பதில் சொன்னது.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். பெருவெடிப்பு என்ற சொல் ஞாபகம் வந்தது. வாய் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் எப்போதும்போல எல்லாவற்றையும் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்குத் தைரியமாக இருந்தது, அவர் எதிர்க்கட்சியாக இருந்தும்.

"அஞ்சு ரதத்த செதுக்கினாங்கன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன். மைக்கில் என் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருந்தது. "பக்கத்துலயே செதுக்காத பாறையும் கீது. பாதியில வுட்ட பாறையும் கீது. ரெண்டையும் சேத்துப் பாத்துதான் இதுல உளி பட்டுகீது, அதுல படலன்னு பிரிக்கிறோம். எல்லாமே செதுக்கினதுதான்னா எத வச்சிப் பிரிக்கிறது? மலச் சரிவுல வெண்ண உருண்டப் பாற கீதே, அத்த யார் வச்சா?"

"கிருஷ்ணரு," என்று முன்வரிசை மொத்தமும் கத்தியது. நடுவர் மணியடித்தார். "சபையிலிருந்து யாரும் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கக் கூடாது."

சிரிப்பு அடங்கியது. நானும் சிரித்துவிட்டேன். மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்தேன். "சரிவுல எப்பிடி நிக்கிதுன்னு எனக்கு சரியா சொல்லத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியலன்னு சொல்றதும், யாரோ வச்சாங்கன்னு சொல்றதும் ஒண்ணா?"

என் பள்ளிக்கூட நாட்களைச் சொன்னேன். எனக்கென்று யூனிபார்ம் தைத்ததே கிடையாது. அக்காவுடையதைத்தான் போட்டேன். முதலில் தொளதொளவென்று இருக்கும். நான் வளர வளர ஒரு வருடம் கச்சிதமாகப் பொருந்தும். பார்க்கிறவர்கள், உனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது என்பார்கள். "துணி என்னத் தேடி வரல. நான்தான் துணிக்குள்ள வளந்தேன். சூரியனும் அப்பிடித்தான்னு நெனக்கிறேன். அது கிட்ட கீற எடத்துலயும் தூரமா கீற எடத்துலயும் நம்மள மாதிரி யாரும் பொறக்கல. பொருந்தின எடத்துல பொறந்துட்டு, எனக்காகத்தான் தச்சாங்கன்னு சொல்லிகினு கீறோம்."

பிறகு உடம்புக்கு வந்தேன். எனக்கு முதுகுவலி. செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டியபோது, நாலு காலில் நடந்த உடம்பு நிமிர்ந்து நின்றதற்குக் கொடுக்கும் வாடகை இது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது என் மனதில் ஒட்டிக்கொண்டது. சோறு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் ஒரே வாசல். புரையேறாத ஆள் இந்தத் தெருவில் உண்டா? "புதுசா வெட்டித் தச்ச துணி வேற, பழசப் பிரிச்சி ஆல்டர் பண்ண துணி வேற. ஆல்டர் பண்ணதுல பழைய தையல் ஓட்ட தெரியும். நம்ம ஒடம்பு ஆல்டர் பண்ண துணி. போன வருஷம் என் கூட்டாளிக்கே கடவாப் பல்லுக்கு எடம் பத்தாம புடுங்கினாங்க. அளவெடுத்துத் தச்சிருந்தா பத்தியிருக்காதா?"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சொல்ல வேண்டாததையும் சொன்னேன். "இது மேடைக்காகப் பேசறது இல்ல. ரொம்ப வருஷமா இப்பிடித்தான் நெனச்சிகினு கீறேன்."

சொன்ன கையோடு, பார்க்காதே என்று அவள் சொல்லியிருந்ததை மறந்து அவளைப் பார்த்தேன். கடவாய்ப் பல் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தப்பாக வெட்டிய துணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

முடிவில் இரண்டு பக்கமும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் தெருப் பட்டிமன்ற வழக்கம். தோழி எழுந்தாள். ஒரே வரி.

"சரிடி, ஆல்டர் பண்ண துணின்னே வச்சிக்கோ. ஆல்டர் பண்ணவ யாரு?"

விசில் பறந்தது. "தெரியல," என்று மைக்கில் சொன்னேன். தோற்றுப்போனவள் மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வி அவ்வளவு நன்றாக இருந்தது. இத்தனை வருடங்களாக அவள் நகத்தையும் சூரியனையும் சொல்லி நான் நூல் கோர்த்துக்கொண்டிருந்த பிறகு, முதல் தடவையாக இருவரும் நேருக்கு நேர் பேசியிருந்தோம். அதுவும் மைக்கில்.

நடுவர் தீர்ப்பைச் சொன்னார். "பிரபஞ்சம் படைக்கப்பட்டதே. ஆனா முதுகு மட்டும் பண்டிகை நெருக்கத்துல தச்சது மாதிரி தெரியுது." ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா பரிசு கொடுத்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் தோழி கோவளம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டிருந்தாள். என்னிடம் சொல்லாமல் அவள் பஸ் ஏறியதே இல்லை.

மறுநாள் காணும் பொங்கல். கடற்கரை முழுக்கத் தலைகளாக இருந்தது. அதற்கடுத்த நாளும் கடை விடுமுறை. அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. விடுமுறை என்பதால் பேசவில்லையா, பேசக் கூடாது என்பதால் பேசவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தெருவில் போனால் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஆல்டர் அக்கா, புரையேறுதுக்கா," என்று இருமிக் காட்டினார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோயில் குருக்கள்கூட, அவருக்கும் முதுகுவலிதான், எந்த டாக்டர் என்று விசாரித்தார். எனக்கு அவள் ஒருத்தி இருமிக் காட்டினால் போதும் என்றிருந்தது.

"டாக்டரம்மா மாதிரி பேசிட்டு இப்ப இன்னா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றார் கணவர். "பேஜாரா இருந்தா பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வாயேன்."

போகவில்லை. போனால் என்ன சொல்வது? பேசியதை வாபஸ் வாங்கவும் மனசில்லை.

கடை திறந்த அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். பொங்கலுக்கு முன் வந்து தங்கிப்போன துணிகள் இருந்தன. மேலே இருந்தது, அச்சரப்பாக்கத்திலிருந்து இங்கே கல்யாணம் செய்துகொண்டு வந்த ஒரு டீச்சருடையது. அவர் எங்கள் பழைய வாடிக்கை. துணியை விரித்தேன். பக்கத்தில் அளவு ஜாக்கெட்டை விரித்தேன். கத்திரியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஜாக்கெட்டின் முதுகுக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பானைக் கழுத்து இல்லை, வட்டமும் இல்லை. கீழே லேசாகக் கூர்ந்து, மேலே உள்வாங்கி, ஒரு தினுசாக இருக்கும். அந்த டீச்சருக்கு அவ்வளவு பொருத்தம். இதைப் பார்த்து எனக்கும் இந்த டிசைன் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. டீச்சர் முதலில் கொண்டுவந்தது சாதாரண வட்டக் கழுத்து. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படியானால் இது எப்போது இப்படி ஆயிற்று?

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தோழி வந்துவிட்டாள். ஜன்னல் ஓரம் பையை மாட்டினாள். அவள் மெஷினைத் துடைத்தாள். அவள் துணியை விரித்துச் சிலுவை போட்டாள். பிறகு சாக்பீஸைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"போடவா, வேணாவா?"

"போடுக்கா."

"நம்பறியா?"

"இல்ல."

"அப்ப அன்னிக்கிப் பேசினது நெசம்."

"நெசம்தான்."

"இத்தினி வருஷமா நம்பாமயேவா என் கையில சிலுவ வாங்கிகினு கீற?"

"ஆமாக்கா. நீ போடலன்னா எனக்குக் கத்திரி புடிக்க வராது. அது வேற."

அவள் சாக்பீஸை விரலில் உருட்டினாள். எதிர்க் கூடத்தில் உளிச் சத்தம் ஆரம்பித்தது. என் முகத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"அதான் உன் ஜாக்கெட்டு மட்டும் ஆல்டருக்குத் திரும்பி வருதா," என்றாள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளுக்கும் தாங்கவில்லை. வாசலில் வந்து நின்ற யாரோ, நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்கள். அவள் குனிந்து என் துணியில் சிலுவை போட்டாள். வழக்கமாகப் போடுவதைவிட நல்ல பெரியது.

"உனக்கு இந்த சைஸு வேணும்," என்றாள். "பல்லப் பத்தி ஊர் முன்னாடி சொன்னதுக்கு தனியா கீது, மத்தியானம் வச்சிக்கிறேன்."

மனசு லேசாகிவிட்டது. அதனாலோ என்னவோ, பார்த்துக்கொண்டிருந்த கழுத்து சட்டென்று புரிந்தது.

"யக்கா, ஆல்டர் பண்ணவ யாருன்னு கேட்டியே. இந்தக் கழுத்தப் பாரு. இத்த யாரு நெனச்சா?"

அவள் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான் சொன்னேன். டீச்சர் ஒரு ஜாக்கெட் கொடுத்தார். அதைப் பார்த்து நாம் தைத்தோம். நூல் பிசகு, சாக்பீஸ் பிசகு, ஏதோ கொஞ்சம் மாறும். தைத்ததில் எது நன்றாகப் பொருந்தியதோ அதை அடுத்த தடவை அளவுக்குக் கொண்டுவந்தார். பொருந்தாதது வீடு துடைக்கப் போயிற்று. மறுபடி அதைப் பார்த்துத் தைத்தோம், மறுபடி பிசகு, மறுபடி பொருந்தியது மட்டும் திரும்பி வந்தது. இப்படியே வந்து வந்து, யாரும் வரைந்து பார்க்காத, யாரும் கேட்காத ஒரு கழுத்து இங்கே கிடக்கிறது. நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை, டீச்சரும் நினைக்கவில்லை.

"தச்சது நாமதானே?" என்றாள்.

"தச்சோம். நெனச்சமா?"

அவள் அந்தக் கழுத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பதில் தேடுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் வாழ்க்கையில் யாரும் என் பேச்சுக்குப் பதில் தேடி இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"நீ நெனக்கல," என்றாள் கடைசியில். "உனக்குத் தெரியாம உன் கைய வச்சி ஒருத்தர் நெனச்சிகீறாரு."

அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. நம்பவில்லை, ஆனால் பிடித்திருந்தது. இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. அவள் நகத்தைக் காட்டினால் நான் நூல் கோர்ப்பதில்லை, பதில் சொல்கிறேன். வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் தைக்கத் துணியே கொண்டுவருவதில்லை. நடுவர் சார் சட்டைக்குப் பட்டன் வைக்க என்று வந்து, இருக்கிற பட்டனைப் பிய்த்துக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

டீச்சரின் ஜாக்கெட்டை அன்றே வெட்டினேன். கழுத்தில் வெட்டு ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. சரிசெய்யலாமா என்று யோசித்தேன். தோழி எட்டிப் பார்த்து, "வுடு, இன்னா ஆவுதுன்னு பாப்பம்," என்றாள்.